மினிட் என்றால் சின்னது

ஆங்கிலத்தில் எம், ஐ, என், யூ, டி, இ என்று ஆறு எழுத்துகளை எழுதி வைத்துவிட்டால், அதை எப்படி வாசிப்பது என்று அந்த எழுத்துகள் சொல்லாது. 'ஒரு மினிட் இருங்க' என்றால் அறுபது விநாடி. அதே ஆறு எழுத்தை 'மைன்யூட்' என்று வாசித்தால் மிக மிகச் சிறியது, நுண்ணியது. ஆபீஸில் கூட்டம் முடிந்ததும் 'மினிட்ஸ் அனுப்பிடுங்க' என்றால், பேசியதன் பதிவு. வரைபடத்தின் ஓரத்தில் அது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. வரலாற்றுப் புத்தகத்தில் 'மெக்காலே மினிட்' என்று வந்தால், இந்தியாவில் அரசாங்கப் பணம் எந்த மொழிப் படிப்புக்குப் போக வேண்டும் என்று வாதாடிய ஒரு கோப்பு.

ஐந்து அர்த்தம், இரண்டு உச்சரிப்பு, ஒரே ஸ்பெல்லிங். தற்செயலாக ஒரே மாதிரி அமைந்துவிட்ட வேறு வேறு சொற்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஐந்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு பொருளைச் சின்னதாக்குவது என்ற ஒரே வேலையிலிருந்து எல்லாம் கிளம்பியிருக்கின்றன.

முதலில் உச்சரிப்புத் தகராறைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'மினுவெரே' என்றால் குறைப்பது. 'மினூதுஸ்' என்றால் குறைக்கப்பட்டது, பொடியாக்கப்பட்டது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. காலத்தைக் குறிக்கும் மினிட் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு வழியாக வந்து, பேச்சுவழக்கில் புழங்கித் தேய்ந்தது. வெளியிலிருந்து வந்த பெயர்ச்சொல்லின் அழுத்தத்தை முன்னுக்கு இழுத்துவிடுவது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். முன்னால் அழுத்தினால் பின்னால் இருப்பது மெலியும். 'யூட்' என்பது 'இட்' ஆகிவிட்டது. 'நுண்ணிய' என்ற பெயரடையோ லத்தீன் படித்தவர்கள் நேரடியாகக் கொண்டுவந்தது. புத்தகத்தில் இருந்த சொல் என்பதால் அவ்வளவாகத் தேயவில்லை, அழுத்தம் கடைசியிலேயே நின்றுவிட்டது. தெருவில் நடந்த சொல் ஒரு மாதிரி, நூலகத்தில் இருந்த சொல் இன்னொரு மாதிரி. எழுத்துமுறை மட்டும் இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டுப் பூட்டிவிட்டது.

சொந்தக்காரர்கள் பட்டியலும் சுவாரஸ்யமானது. ஓட்டலில் கொடுக்கும் 'மெனு' இதே 'மினூதுஸ்' பிரெஞ்சில் மருவியதுதான். சின்னச் சின்னதாகப் பிரித்து விவரமாக எழுதிய பட்டியல். கொத்துக்கறிக்கு ஆங்கிலத்தில் 'மின்ஸ்' என்பார்களே, அதுவும் இங்கிருந்துதான். 'மினிஸ்டர்' இன்னும் வேடிக்கை. 'குறைவு' என்ற பொருளுள்ள 'மினுஸ்' என்ற வேரிலிருந்து, கீழே இருப்பவன், பணியாள் என்ற அர்த்தத்தில் பிறந்த சொல். அதற்கு எதிர்ச்சொல் 'மாகிஸ்டெர்', பெரியவர், வாத்தியார். அதாவது சொல்லின் கணக்குப்படி வாத்தியார் பெரியவர், மந்திரி சின்னவர். நடைமுறை எப்படி என்று நமக்கே தெரியும்.

*

ஆனால் 'சின்னது' என்ற பொதுச்சொல் எப்படிச் சரியாக அறுபதில் ஒன்று ஆனது?

இதற்குப் பாபிலோனியா வரை போக வேண்டும். களிமண் பலகைகளில் எழுதிய அந்தக் கணக்கர்கள் பத்தின் அடுக்குகளில் எண்ணவில்லை, அறுபதின் அடுக்குகளில் எண்ணினார்கள். அறுபதில் ஒரு வசதி உண்டு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். பத்தை மூன்றாகப் பங்கு போட்டால் 3.333 என்று வால் நீண்டுகொண்டே போகும். அறுபதை மூன்றாகப் பங்கு போட்டால் இருபது, கணக்கு முடிந்தது. பின்னங்களோடு மல்லாட வேண்டிய வானியலாளருக்கு இது பெரிய நிம்மதி.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, தன் வானியல் நூலில் இந்த அறுபதையே எடுத்துக்கொண்டார். வட்டத்துக்கு 360 பாகை. ஒரு பாகையை அறுபதாக உடைத்தால் முதல் அறுபதாம் பங்கு. அதை மறுபடி அறுபதாக உடைத்தால் இரண்டாம் அறுபதாம் பங்கு. இந்த நூல் அரபிக்குப் போனது. அரபியில் இந்த முதல் பங்குக்கு 'தகீகா' என்று பெயர், நுண்ணியது என்று அர்த்தம். இதே வேரில்தான் 'தகீக்' என்று மாவுக்கும் பெயர். அடுத்த பங்குக்கு 'ஸானியா', அதாவது இரண்டாவது. லத்தீனுக்கு வந்தபோது முதல் பங்கு 'பார்ஸ் மினூதா ப்ரீமா', முதல் சிறுபகுதி. அடுத்தது 'பார்ஸ் மினூதா செகுந்தா', இரண்டாம் சிறுபகுதி. நீளமான பெயரை யார் முழுசாகச் சொல்வார்கள்? முதலாவதில் நடுச்சொல் மட்டும் தங்கி 'மினிட்' ஆனது. இரண்டாவதில் கடைச்சொல் மட்டும் தங்கி 'செகண்ட்' ஆனது. 'ரெண்டாவது' என்பதற்கும் விநாடிக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே சொல் என்று பள்ளியில் எப்போதாவது தோன்றியிருந்தால், காரணம் இதுதான்.

உடைப்பது அத்தோடு நிற்கவும் இல்லை. கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனி அமாவாசைக் கணக்கை மணி, நிமிடம், விநாடியோடு நிறுத்தாமல் மூன்றாம் பங்கு, நான்காம் பங்கு வரை கொண்டுபோனார். 1267இல் ரோஜர் பேக்கனும் பௌர்ணமிகளுக்கு அதையே செய்தார். அப்படியொரு துணுக்கை அளந்து காட்ட அன்று உலகத்தில் ஒரு கடிகாரமும் கிடையாது. அது காகிதத்தில் மட்டும் இருந்த காலம். மினிட் முதலில் கடிகாரத்தில் பிறக்கவில்லை, கணக்கு நோட்டில் பிறந்தது.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1391இல் கவிஞர் சாசர் ஒரு தொழில்நுட்பக் கையேடு எழுதினார். வானத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் என்ற கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று, லூயிஸ் என்ற பத்து வயதுப் பையனுக்காக. ஒரு டிகிரிக்கு அறுபது மினிட், ஒரு மினிட்டுக்கு அறுபது செகண்ட் என்று அதில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், பக்காவான யூசர் மேனுவல்.

அதன் முன்னுரையில் சாசர் ஒரு நியாயம் சொல்கிறார். பையனுக்கு லத்தீன் அவ்வளவாக வராது, அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். கிரேக்கர்கள் இதைக் கிரேக்கத்தில் படித்தார்கள், அரபிகள் அரபியில், யூதர்கள் எபிரேயத்தில், லத்தீன்காரர்கள் லத்தீனில். அவர்களுக்கு அவரவர் மொழி போதுமானதாக இருந்தது போல இவனுக்கு ஆங்கிலம் போதும். 14ஆம் நூற்றாண்டில் இது கொஞ்சம் துணிச்சலான பேச்சு. அறிவியல் என்றால் லத்தீன் என்று இருந்த காலம். ஆங்கிலம் அப்போது வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழி, அறிவாளிகளின் மேஜையில் அதற்கு இடமில்லை.

இந்த முன்னுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

காகிதத்தில் இருந்த மினிட் சாதாரண மனிதர்களின் வாழ்க்கைக்குள் வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. ஐரோப்பாவின் ஆரம்பகால இயந்திரக் கடிகாரங்களில் நிமிட முள்ளே கிடையாது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டுக் கடிகாரத்துக்கு முகமே இல்லை, மணி மட்டும் அடிக்கும். 'கிளாக்' என்ற சொல்லே மணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். தொங்கும் மணிக்கும் நேரத்தின் மணிக்கும் தமிழிலும் ஒரே சொல்தான் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். முகம் வைத்த கடிகாரங்களிலும் வெகுகாலம் ஒற்றை முள்தான். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும் கருவியில் நிமிட முள் வைத்து என்ன பயன்?

1656இல் டச்சுக்காரர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். ஒரு நாளில் வரும் பிழை ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. அதன்பிறகுதான் நிமிட முள் பரவலானது. நிமிடம் தெரிந்தால் நிமிடம் தாமதமாவதும் தெரியும். 'லேட்' என்ற குற்றத்துக்கு அளவுகோல் கிடைத்தது அப்போதுதான்.

ஆனால் யாருடைய நிமிடம்? ஒவ்வொரு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வருவதுதான் நண்பகல். பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் அங்கே நண்பகல் பத்து நிமிடம் பிந்தி வரும். குதிரை வண்டிக் காலத்தில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. 1840இல் அந்தப் பாதையில் ரயில் ஓட்டிய கம்பெனி லண்டன் நேரத்துக்கு மாறியதும் பிரச்சினை ஆகிவிட்டது. பிரிஸ்டல்காரர்கள் ஒரு தீர்வு கண்டார்கள். கார்ன் ஸ்ட்ரீட்டில் உள்ள எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கடிகாரத்துக்கு இன்னொரு நிமிட முள்ளைச் சேர்த்தார்கள். ஒன்று ஊர் நேரம், ஒன்று கிரீனிச் நேரம். ஒரே முகத்தில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முட்கள். 1852இல் ஊர் அதிகாரபூர்வமாகக் கிரீனிச் நேரத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு முள்ளும் இன்றும் அங்கே சுற்றுகின்றன.

நம் பக்கமும் இதே கதை நடந்தது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தது. அதன் தீர்க்கரேகை சுமார் 80 டிகிரி 15 மினிட். இங்கே இரண்டு மினிட்டும் ஒன்றோடொன்று மோதும், கவனியுங்கள். பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகும். எனவே 80 டிகிரிக்கு 320 நிமிடம். மிச்சமுள்ள 15 கோண மினிட்டுக்கு ஒரு கால நிமிடம். மொத்தம் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். கிரீனிச்சைவிட அவ்வளவு முன்னால் ஓடியதுதான் மெட்ராஸ் டைம். இந்திய ரயில்கள் பல காலம் இந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்ற பொது நேரம் வந்தபோது மெட்ராஸ் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளப்பட்டன. பம்பாய் 39 நிமிடம் பிந்திய தன் சொந்த நேரத்தை 1955 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

*

இந்த இடத்தில் தமிழை உள்ளே கொண்டுவராமல் இருக்க முடியாது. ஏனென்றால் அறுபதில் பங்கு போடுவது நமக்கும் பழக்கம். ஆனால் நாம் மணியை உடைக்கவில்லை, நாளையே அறுபதாக உடைத்தோம். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகைக்கு நாடி என்றும் பெயர் உண்டு. அதை மறுபடி அறுபதாக உடைத்தால் விநாடி. அப்படியானால் ஒரு விநாடி எவ்வளவு? 24 செகண்ட்.

ஆமாம், 24. பாடப்புத்தகம் இன்று விநாடி என்று சொல்வது செகண்டை. பழைய முறையில் கணிக்கும் பஞ்சாங்கத்தில் திதிக்கும் நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் நாழிகை, விநாடி என்று போட்டிருப்பது வேறு விநாடி. ஒரே சொல், இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம். கடிகாரம் வந்தபோது அதன் துணுக்குக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, இருந்த சொல்லைக் குறுக்கி மாட்டிவிட்டோம். நாடியின் உட்பிரிவு என்ற தன் வேரையே அது மறந்துவிட்டதால்தான் பலர் அதை 'வினாடி' என்று எழுதுகிறார்கள்.

நிமிடத்தின் கதை நேர் எதிர். 'நிமிஷ' என்றால் சமஸ்கிருதத்தில் இமைப்பது. அது தமிழில் நிமிஷம் ஆகி, வருஷம் வருடமானது போல நிமிடம் ஆனது. நொடி என்பது விரலை நொடிப்பது. தொல்காப்பியம் எழுத்தின் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் ஒன்றாகத்தான் வைக்கிறது. ஒரு குறில் உச்சரிக்க ஆகும் நேரம் அவ்வளவு. இன்று பாருங்கள். இமைப்பிலிருந்து வந்த நிமிடம், நொடியைப் போல அறுபது மடங்கு. இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவர்களில் ஒருவர் அப்படியே இருக்க, மற்றவர் பனைமரம் ஆகிவிட்டார்.

ஆங்கிலச் சொல்லுக்குள் கணக்கு இருக்கிறது, தமிழ்ச் சொற்களுக்குள் உடம்பு இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். சொல்லுக்குள் இருந்த பழைய அளவைக் கழற்றிவிட்டு, உள்ளே புது அளவை வைத்தாயிற்று. வெளியே பெயர்ப்பலகை மட்டும் பழையது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். தேதி, நேரத்தை அச்சிடும்போது மாதத்துக்கும் எம், நிமிடத்துக்கும் எம். ஜாவாவில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். யூனிக்ஸ் வழிவந்த முறையில் அப்படியே தலைகீழ், சின்ன எம்தான் மாதம். மாற்றிப் போட்டால் புரோகிராம் தடுக்கி விழாது. மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 47 என்று காட்டிவிட்டுச் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். சர்வதேசத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஒரு தடுப்புச்சுவர் வைத்திருக்கிறார்கள். கால அளவைக் குறிக்கும்போது எம்முக்கு முன்னால் டி என்ற எழுத்து வந்திருந்தால் அது நிமிடம், வராவிட்டால் மாதம்.

நிமிடத்துக்கு அறுபது விநாடி என்பதுகூட எப்போதும் உண்மையில்லை. பூமி சீராகச் சுழல்வதில்லை என்பதால் 1972 முதல் அவ்வப்போது ஒரு லீப் செகண்ட் சேர்த்தார்கள், இதுவரை 27 தடவை. கடைசியாகச் சேர்த்தபோது இந்தியாவில் 2017 ஜனவரி 1, காலை 5 மணி 29 நிமிடம் 60 விநாடி என்று ஒரு நேரம் வந்துபோனது. அந்த ஒரு நிமிடத்துக்கு 61 விநாடி. கம்ப்யூட்டர்கள் இதில் படும் பாட்டைப் பார்த்து, 2035க்குள் இந்த வழக்கத்தை ஏறக்கட்டிவிட 2022இல் முடிவெடுத்திருக்கிறார்கள்.

*

இனி அந்த இன்னொரு மினிட். கூட்டக் குறிப்புக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? நிமிடத்துக்கு நிமிடம் நடந்ததை எழுதுவதால் மினிட்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அகராதிக்காரர்கள் தரும் விளக்கம் வேறு. ஒரு ஆவணத்தை முதலில் சின்ன எழுத்தில் கிறுக்கி வரைவு போடுவார்கள், அந்தச் சின்ன எழுத்துக்கு லத்தீனில் 'மினூதா'. பிறகு அதையே பெரிய எழுத்தில் அழகாகப் படியெடுப்பார்கள், அதற்கு 'என்க்ரோஸ்', பெரிதாக எழுதுவது. பிரான்சில் பத்திரம் எழுதும் நோட்டரிகள் தங்களிடம் வைத்துக்கொள்ளும் மூலத்தை இன்றும் 'மினூத்' என்றும், கட்சிக்காரருக்குக் கொடுக்கும் படியை 'க்ரோஸ்' என்றும்தான் சொல்கிறார்கள். பெரியது கைக்கு வரும், சின்னது பெட்டிக்குள் இருக்கும். வழக்கு வந்தால் செல்லுபடியாவது பெட்டிக்குள் இருப்பது.

இந்தச் சின்ன எழுத்தை வைத்து ஒரு நாட்டையே ஆளலாம் என்று காட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி. முதலாளிகள் லண்டனில். கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கு. எனவே கவர்னரும் கவுன்சில் உறுப்பினர்களும் என்ன நினைத்தார்கள், ஏன் நினைத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொருவரும் தன் கருத்தை ஒரு மினிட்டாக எழுதுவார். கோப்பு சுற்றும். அடுத்தவர் அதற்கு ஒரு மினிட் எழுதுவார். லண்டன் இந்தியா ஹவுஸில் 35 ஆண்டு வேலை பார்த்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1852இல் பாராளுமன்றக் குழுவிடம் இதைப் பெருமையாகவே சொன்னார்: இந்திய ஆட்சி முழுக்க எழுத்தில் நடக்கிறது என்று.

தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ அப்படி மினிட் எழுதுவதில் தேர்ந்தவர். 1822 ஜூன் 25 தேதியிட்ட மினிட்டில் அவர் கேட்டது எளிய கேள்வி. நம் மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, யார் யார் படிக்கிறார்கள்? கலெக்டர்கள் சாதிவாரியாக எண்ணி அனுப்பினார்கள். 1826 மார்ச் 10 தேதியிட்ட மினிட்டில் மன்றோ கணக்கைத் தொகுத்தார். சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள்தொகை. 12,498 பள்ளிகள். அவற்றில் 1,88,650 பிள்ளைகள், பெண் பிள்ளைகள் அதில் 4,540 பேர் மட்டும். கல்வி தாழ்ந்துதான் இருக்கிறது, ஆனால் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கொஞ்ச காலம் முன்புவரை இருந்த நிலையைவிட மோசமில்லை என்பது அவர் முடிவு. அடுத்த ஆண்டே காலராவில் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளித் திட்டம் சில ஆண்டுகளில் நீர்த்துப்போனது. அந்தத் தாள்கள் பெட்டிக்குள் கிடந்தன. 1983இல் தரம்பால் அவற்றைப் புத்தகமாகப் போட்ட பிறகுதான் பொதுவில் பேச்சு வந்தது. அவர் அதிலிருந்து எடுத்த முடிவுகளை எல்லாரும் ஏற்பதில்லை. எண்கள் இருந்தன என்பதை மறுப்பாரில்லை.

1834 ஜூனில் மெக்காலே மெட்ராஸில் கப்பலிலிருந்து இறங்கி, நேரே ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைச் சந்தித்தார். 1835 பிப்ரவரி 2 தேதியிட்டு அவர் எழுதியதுதான் பிரபலமான அந்த மினிட். அதன் தொடக்கம் பலர் கவனிக்காத ஒன்று. அது ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பற்றிய சண்டை. 1813ஆம் ஆண்டுச் சட்டம், இலக்கியத்தை வளர்க்க ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொல்லியிருந்தது. 'இலக்கியம்' என்றால் அரபியும் சமஸ்கிருதமும் என்று ஒரு கட்சி. சட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது, ஆங்கில இலக்கியமும் இலக்கியம்தானே என்று மெக்காலே. தனக்கு சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அதே மினிட்டில் ஒப்புக்கொண்டும், அந்த நூல்களின் மதிப்பை ஒரே வீச்சில் தள்ளினார். இங்குள்ள மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியச் செய்தியும் இல்லை, அறிவியல் செய்தியும் இல்லை, அவ்வளவு வறண்டவை, வேறிடத்திலிருந்து ஊட்டமேற்றாமல் அவற்றில் மதிப்புள்ள எந்த நூலையும் மொழிபெயர்ப்பது எளிதாக இருக்காது என்று எழுதினார். பிரின்செப் மறுத்து எழுதினார். மார்ச் 7 அன்று பென்டிங்க் மெக்காலே பக்கம் தீர்மானம் போட்டார். முப்பத்து மூன்று நாள்.

மன்றோ எண்ணிப் பார்த்து எழுதினார். மெக்காலே எண்ணவில்லை. இரண்டுக்கும் பெயர் மினிட்தான்.

இப்போது சாசரை எடுங்கள். 1391இல் இதே 'மினிட்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குள் புழங்கவிட்ட மனிதர், அறிவியல் எந்த மொழியிலும் நிற்கும், என் பையனுக்கு என் மொழி போதும் என்றார். அன்று ஆங்கிலத்தில் அறிவியல் இல்லை. இல்லாததைக் காரணமாகச் சொல்லாமல், லத்தீனிலிருந்தும் அரபியிலிருந்தும் சொல்லைக் கடன் வாங்கி எழுதிக் காட்டினார். 444 வருஷம் கழித்து, அப்படிக் கடன் வாங்கி வளர்ந்த மொழியில், மினிட் என்றே பெயருள்ள ஒரு தாளில், மற்ற மொழிகள் போதாது என்று எழுதப்பட்டது. கல்கத்தாவின் மினிட் எட்டாத யாழ்ப்பாணத்தில், 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், தமிழில் மருத்துவ நூல்களைக் கொண்டுவந்தார். எளிதல்ல என்று எழுதப்பட்ட காரியம், சில பத்தாண்டுகளிலேயே நடந்துகொண்டிருந்தது.

இதை வைத்து மெக்காலேயை மொத்த வில்லனாக்கி முடித்துவிடவும் முடியாது. சந்திர பான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்கள் மெக்காலேயின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். சமஸ்கிருதப் பாடசாலை வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் திறந்த கதவு உண்மையானது. நான் வாங்கும் சம்பளமும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது. ஆனால் ஆங்கிலம் வேண்டும் என்பது ஒரு வாதம். உன் மொழியால் முடியாது என்பது வேறு வாதம். முதலாவது பலருக்கு வேலை கொடுத்தது. இரண்டாவது இன்னும் நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ஒரு தொழில்நுட்ப விஷயத்தை எழுத உட்காருகிறவர் எவரும், 'ஏன் தமிழில்?' என்ற கேள்விக்கு முன்னுரையில் ஒரு பதில் வைக்க வேண்டியிருக்கிறது. சாசரும் வைத்தார். அந்தக் கேள்வியை இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐடி கம்பெனிகளில் 'எம்ஓஎம் யார் எழுதுறது?' என்று கேட்டால் எல்லாரும் லேப்டாப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில், அல்லது அங்கே இருக்கும் ஒரே பெண்ணின் தலையில் கட்டுவார்கள். குமாஸ்தா வேலை என்ற நினைப்பு. மூன்று மாதம் கழித்து யார் ஒப்புக்கொண்டது, எந்தத் தேதி சொன்னது என்று தகராறு வரும்போது, சத்தமாகப் பேசியவர் சொன்னது நிற்காது. குறிப்பில் இருப்பதுதான் நிற்கும்.

இதை ஐடிக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள். கூட்டம் நடந்த தேதி, யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பல ஊர்களில் அதற்குப் பெயர் 'மினிட் நோட்டு'. வங்கியில் குழுக்கடன் கேட்டுப் போனால் முதலில் புரட்டிப் பார்க்கப்படும் நோட்டுகளில் அதுவும் ஒன்று. பாபிலோனியக் களிமண்ணும், அலெக்சாந்திரியாவும், கம்பெனியின் கோப்புகளும் சுற்றி வந்த அந்தச் சொல், கோடு போட்ட நோட்டின் அட்டையில், தமிழ் எழுத்தில் இருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதும் தமிழ்தான். போதுமானதாகத்தான் இருக்கிறது.